நான் அவுட் ஆன கதையும் நீ கேட்ட விதிகளும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். போன ஞாயிற்றுக்கிழமை போனில், "செவ்வாய்க்கிழமையே செத்துட்டேன், இனிமே நிம்மதியா படிக்கலாம்" என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது அம்மா காதில் விழுந்து பதறிவிட்டாளாமே. அது விளையாட்டு என்று முதலில் அவளுக்குப் பொறுமையாகச் சொல்லு. உன் ஹாஸ்டலில் இதை நடத்தப் பார்க்கிறேன், விதிகளை எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவுக்கு வந்து முதல் மூன்று மாதம் நான் எப்படி இருந்தேன் என்று உங்கள் யாரிடமும் சரியாகச் சொல்லவில்லை. வகுப்பு, நூலகம், அறை, அவ்வளவுதான். எதிரில் வருகிறவர்கள் எல்லாம் சிரித்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்பார்கள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கடந்து போய்விடுவார்கள். கெட்டவர்கள் இல்லை, இங்கே அது வெறும் வணக்கம். ஆனால் ஒரே மாடியில் குடியிருக்கிற பதினோரு பேரில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கியதும் இன்னும் மோசமாயிற்று. அந்தச் சமயத்தில்தான் பொது அறையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள்: அசாசின் விளையாட்டு, சேர விரும்புகிறவர்கள் பெயர் எழுதவும். இருபத்திமூன்று பெயர் இருந்தது. இருபத்திநாலாவதாக நான் எழுதினேன்.

அசாசின் என்றால் கொலையாளி. பெயர்தான் அப்படி, உள்ளே இருப்பது தொட்டுப்பிடித்து விளையாட்டுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு டார்கெட், அதாவது அவர் பிடிக்க வேண்டிய ஆள். உன்னைப் பிடிக்கவும் ஒருவர் அலைந்துகொண்டிருப்பார், அது யார் என்று உனக்குத் தெரியாது. உன் டார்கெட்டை நீ அவுட் ஆக்கினால் அவர் கையில் இருக்கும் சீட்டு உனக்கு வரும், அதில் இருக்கும் பெயர்தான் உன் அடுத்த டார்கெட். கடைசியில் நிற்பவர் ஜெயித்தவர். வகுப்பு, வேலை, தூக்கம் எல்லாம் வழக்கம்போல நடக்கும். இது அதற்கு அடியில் நாள்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும்.

சீட்டு கொடுக்கும் விதத்தில்தான் பலர் தப்பு செய்கிறார்கள், நீ கவனமாக இரு. பாத்திரத்தில் சீட்டைக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொன்று எடுக்கச் சொல்லாதே. உனக்குக் கணக்கு பிடிக்கும் என்பதால் சொல்கிறேன்: அப்படி எடுத்தால் ஒருவருக்குக்கூடத் தன் பெயரே வராமல் அமைவதற்கு ஏறக்குறைய 37 சதவீதம்தான் வாய்ப்பு. அது அமைந்தாலும் போதாது. மொத்தத்தில் 24 பேரும் ஒரே வளையமாக அமைய 24இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. மற்ற நேரமெல்லாம் சின்னச் சின்ன வளையங்களாக உடைந்துவிடும். நீயும் உன் ரூம்மேட்டும் ஒருவருக்கொருவர் டார்கெட் என்று வைத்துக்கொள். நீ அவனைப் பிடித்தால் அவன் தரும் சீட்டில் உன் பெயர்தான் இருக்கும், உனக்கு ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். அதனால் சீட்டுகளைக் குலுக்கி மேஜையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கு. முதல் ஆளுக்கு இரண்டாவது ஆள், இரண்டாவது ஆளுக்கு மூன்றாவது, இப்படியே போய் 24ஆவது ஆளுக்கு முதல் ஆள். யார் அவுட் ஆனாலும் வளையம் சுருங்குமே தவிர அறுந்துபோகாது. அடுக்குகிறவருக்கு எல்லா ரகசியமும் தெரிந்துவிடும் என்பதால் அவர் விளையாடக் கூடாது. அவரை இங்கே கேம் மாஸ்டர் என்பார்கள். தகராறு வந்தால் அவர் சொன்னதுதான் முடிவு, அதை முதல் நாளே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஆயுதம் பிளாஸ்டிக் ஸ்பூன். அதால் தோளையோ முதுகையோ கையையோ தொட்டால் அவுட். சுருட்டிய சாக்ஸை எறிகிறவர்கள் உண்டு, துணி க்ளிப்பைச் சட்டையில் மாட்டிவிடுகிறவர்களும் உண்டு. துப்பாக்கி மாதிரித் தெரியும் எதையும் தொடாதே. 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒருவன் சுட்டு 32 பேர் இறந்தார்கள். இந்த நாட்டில் கல்லூரி வளாகத்தில் துப்பாக்கி என்ற பேச்சு எழுந்தாலே எல்லோருக்கும் நெஞ்சு அடைக்கும். பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. பள்ளியின் கடைசி வருடப் பிள்ளைகள் வசந்த காலத்தில் தண்ணீர்த் துப்பாக்கியோடு இதையே விளையாடுகிறார்கள், நிஜம்போலத் தெரியும் துப்பாக்கி வேண்டாம் என்று பல ஊர்ப் போலீசும் எச்சரிக்கிறார்கள். ஒரு புதரோரம் பதுங்கியிருக்கும் பையனைத் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது விளையாட்டு என்று எப்படித் தெரியும்? ஸ்பூனைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

இந்த விளையாட்டு கதையிலிருந்து வந்தது என்று கேம் மாஸ்டர் சொன்னார். 1953இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்த அறிவியல் சிறுகதையை வைத்து 1965இல் இத்தாலியில் படம் எடுத்தார்களாம், அதன் பிறகு கல்லூரிகளில் பரவியதாம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இதற்கென்று ஒரு சங்கமே வைத்திருக்கிறார்கள். மேரிலாந்தில் இருக்கும் கவுச்சர் கல்லூரியில் 2005இல் இதற்கு உறவான இன்னொன்று பிறந்தது, மனிதர்களும் ஜாம்பிகளும் என்று. அதில் தொடப்பட்டவர் வெளியேற மாட்டார், ஜாம்பி ஆகி மற்றவர்களைத் துரத்துவார். கூட்டம் பெரிதாக இருந்தால் அது நல்லது. முப்பது பேருக்குள் என்றால் அசாசின்தான் என் கட்சி.

இனி தொடக் கூடாத இடங்கள். வகுப்பறை, நூலகம், சாப்பாட்டுக்கூடம், குளியலறை, வேலை செய்யும் இடம், வழிபடும் இடம், அவரவர் அறை, ஓடும் வண்டி. படிக்கட்டில் ஓடக் கூடாது, சாலையின் குறுக்கே துரத்தக் கூடாது. 72 மணி நேரத்துக்குள் யாரையும் பிடிக்காதவர் தானாகவே அவுட். இந்தக் கெடு இல்லையென்றால் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

இருட்டிய பிறகு கட்டிடத்துக்கு வெளியே ஆட்டம் கிடையாது. இதை நீ அழுத்தி எழுது. எங்கள் முதல் ஆட்டத்தில் இந்த விதி இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பையன் ராத்திரி ஒன்பது மணிக்குத் தன் டார்கெட்டுக்காகக் காத்து நின்றான். அந்தப் பெண் விளையாட்டையே மறந்து, பின்னால் யாரோ வருகிறார்கள் என்று அலறிக்கொண்டு ஓடினாள். அவன் மன்னிப்புக் கேட்டான், அவளும் ஏற்றுக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அவள் கை நடுங்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மறுநாளே விதியை மாற்றினார்கள். சேர்ந்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்பதையும் அன்றுதான் சேர்த்தார்கள். அப்படி விலகுகிறவரின் சீட்டு அவரைப் பிடிக்க அலைந்தவர் கைக்குப் போய்ச் சேரும், வளையம் தொடரும்.

எனக்கு மிகவும் பிடித்த விதி சாட்சி விதி. மூன்றாவது ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தொட்டால் செல்லாது. இருவர் மட்டும் தனியாக இருக்க வேண்டும். இதை முதலில் படித்தபோது, பிறகு எப்படி நிரூபிப்பது, தொடவே இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான் யோசித்தேன்.

என் டார்கெட் இரண்டாம் மாடியில் இருக்கும் வேதியியல் மாணவி. அதுவரை நான் அவளைக் கவனித்ததே இல்லை. பிடிக்க வேண்டும் என்று ஆனதும் எல்லாம் கண்ணில் பட்டது. எப்போதும் பின்வாசல் வழியாகப் போவாள், அவள் சைக்கிள் அங்கேதான் நிற்கும். லிப்ட் ஏற மாட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து அவள் பாஷையில் அம்மாவோடு பேசுவாள், பேசி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் அப்படியே இருப்பாள். அந்த இரண்டு நிமிடத்தில் அங்கே யாரும் வருவதில்லை. எனக்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஆனால் என்னால் முடியவில்லை. ஸ்பூனைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கிருந்து வந்தாய் என்று கேட்டாள், சொன்னேன். அவளும் ஆகஸ்டில்தான் வந்தாளாம். அரை மணி நேரம் பேசினோம். மறுநாள் காலை பின்வாசலில் சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்திருந்தவளின் தோளில் ஸ்பூனை வைத்தேன். திரும்பிப் பார்த்து, "நேத்தே செஞ்சிருக்கலாமே" என்றாள். பர்ஸிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை நானும் அதையேதான் செய்தேன். துணி துவைக்கும் அறையில் நான் மட்டும். மெஷின் சத்தத்தில் கதவு திறந்தது காதில் விழவில்லை. சூடாக வந்த துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். இடது தோளில் ஏதோ லேசாகப் பட்டது. திரும்பினால் என் அறைக்கு எதிர் அறைக்காரர், நாலு மாதமாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறவர். கையில் வெள்ளை ஸ்பூன். யாரும் பார்க்கவில்லை, இல்லை என்று சொல்லியிருந்தால் அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. எனக்கு அது தோன்றவே இல்லை. சீட்டைக் கொடுத்தேன். அவர் முதல்முறையாக என் பெயரைச் சொன்னார், உச்சரிப்பு சரியா என்றும் கேட்டார். சரியாகத்தான் சொன்னார். எப்படித் தெரியும் என்றேன். இரண்டு நாளாகப் பக்கத்து அறைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகினாராம்.

ஆட்டம் பதினாறு நாள் ஓடியது. கடைசி இருவர் ஒருவருக்கொருவர் டார்கெட், அது இருவருக்கும் தெரியும். அந்தக் கட்டம் வந்தால் சாட்சி விதியை எடுத்துவிடு, எல்லோரும் பார்க்கட்டும். எங்கள் பொது அறையில் அன்று நிற்க இடமில்லை. செத்தவர்கள் இருபத்திரண்டு பேரும் வந்திருந்தோம், அத்தனை பேர் பெயரும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஆரம்பிக்கும் முன் வார்டனிடமும் காவலாளியிடமும் நீயே நேரில் போய்ச் சொல்லு. விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கு. முதல் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் போதும். வளையத்தை எழுதி முடித்ததும் கடைசி ஆளிடமிருந்து முதல் ஆளுக்குக் கோடு போகிறதா என்று ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துக்கொள். முடிந்ததும் யார் யாரைப் பிடித்தார்கள் என்று ஒன்றுவிடாமல் எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா