மூன்று பிள்ளைகளோடு வரும் மகளுக்கு

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.

நீ அனுப்பிய டிக்கெட்டை உன் தம்பி போனில் பெரிதாக்கிக் காட்டினான். துபாயிலிருந்து சென்னைக்கு உனக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் போட்டிருக்கிறாய். திரும்பிப் போகும் தேதி அதில் இல்லை. மாப்பிள்ளைக்கு வேலை அதிகமாக இருக்கும். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு முறை அழைத்தும் நீ எடுக்காததால், பிள்ளைகளை விமான நிலையக் கூட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவரப் போகிறாய் என்ற ஒன்றைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

உலகத்திலேயே வெளிநாட்டுப் பயணிகள் மிக அதிகமாகப் போய்வரும் விமான நிலையம் துபாய்தான் என்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பிள்ளை மிரளுவது கூட்டத்தைக் கண்டு மட்டுமல்ல, அடுத்து என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாததாலும்தான். போன தடவை சின்னவளின் முயல் பொம்மையை எக்ஸ்ரே பெட்டிக்குள் அனுப்பியபோது அவள் தரையில் விழுந்து புரண்டதை நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முயல் இந்தப் பக்கம் உள்ளே போகும், நாம் நடந்து அந்தப் பக்கம் போய் அதை எடுத்துக்கொள்வோம் என்று முதல் நாள் இரவே அவளுக்குச் சொல்லிவை. வரிசையில் நிற்பதையும், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதையும் ஒரு கதையைப் போல இரண்டு முறை சொல். பெரியவனைப் பெட்டிகளுக்குக் காவல் வைத்துவிட்டு எங்கும் போகாதே. பத்து வயது ஆனாலும் அவனும் பிள்ளைதான்.

புறப்படும் காலையில் மூவரையும் நிற்கவைத்துப் போட்ட உடுப்போடு ஒரு படம் எடுத்துக்கொள். முழங்கையின் உட்புறத்தில் பால்பாயின்ட் பேனாவால் போன் நம்பரை எழுதிவிடு. உன் துபாய் நம்பர் இங்கே வேலை செய்யுமோ செய்யாதோ, அதனால் என் நம்பரையும் சேர்த்தே எழுது. வழி தவறினால் நடக்கக் கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், உம்மா திரும்பி வருவாள் என்று சொல். உதவி வேண்டுமென்றால் சீருடை போட்டவரிடமோ, பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு பெண்ணிடமோ போகச் சொல். உன் முழுப் பெயர் சின்னவளுக்குத் தெரியுமா? "உம்மா பேர் உம்மா" என்றுதான் போனில் என்னிடம் சொன்னாள். நம் நாட்டில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098, ரயிலில் 139. இரண்டையும் உன் போனில் பதிந்துகொள்.

பயண துஆவைப் பெரியவன் மதரஸாவில் மனனம் செய்துவிட்டான் என்பது எனக்குப் பெருமை. "சுப்ஹானல்லதீ ஸக்கர லனா" என்று அவன் ஓதியதை அடுத்த வீட்டு மாமியையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். அவனை ஓதச் சொல்லி, மற்ற இரண்டும் பின்னால் சொல்லட்டும். ஆனால் ஓதிவிட்டோமே என்று கையை விட்டுவிடாதே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை, அதாவது அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படை என்றுதான் நம் நாயகம் (ஸல்) சொன்னார்கள்.

சென்னையில் இறங்கியதும் மெட்ரோ வேண்டாம். ரயிலேற எழும்பூருக்குப் போக ஆலந்தூரில் மாற வேண்டும். மூன்று பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் அது உன்னால் ஆகாது. கார் வைத்துக்கொள். நண்பகல் லுஹரையும் பிற்பகல் அஸரையும் சேர்த்து இரண்டிரண்டு ரக்அத்தாகத் தொழு; பயணத்தில் அல்லாஹ் சுருக்கித் தந்ததை நீ நீட்டாதே. கடைக்குட்டியை வைத்துக்கொள்ள யாரும் இல்லையே என்று தொழுகையை விட வேண்டாம். ரசூலுல்லாஹ் (ஸல்) பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே தொழுதார்கள். நெற்றியைத் தரையில் வைக்கும் ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கிவிட்டு, எழும்போது தூக்கிக்கொண்டார்கள். செந்தூர் எக்ஸ்பிரஸ் எழும்பூரிலிருந்துதான் கிளம்புகிறது, அதனால் வண்டி வந்து நின்றதும் ஓட வேண்டியதில்லை. நம் ஊரில்தான் சற்று நேரமே நிற்கும். முந்தின ஸ்டேஷன் ஆறுமுகநேரி வந்ததுமே பெட்டிகளை வாசல் பக்கம் கொண்டுவந்துவிடு. கையைப் பிடித்துக்கொள்.

வரிசையில் பிள்ளை தரையில் புரளும்போது சுற்றியிருப்பவர்கள் நம்மைப் பார்ப்பார்கள். கோபம் வருவது பிள்ளையால் பாதி, அந்தப் பார்வையால் பாதி. நிற்கும்போது கோபம் வந்தால் உட்கார்ந்துவிடுங்கள் என்று ஒரு ஹதீஸ் உண்டு. குந்தி உட்கார், உன் முகம் அதன் முகத்துக்கு நேரே வரும், குரலும் தானாகத் தணியும். அனஸ் (ரலி) நாயகத்துக்குப் பத்து வருடம் பணிவிடை செய்தும் ஒருமுறைகூட "உஃப்" என்ற சலிப்புச் சொல்லை அவர்களிடமிருந்து கேட்டதில்லையாம். நமக்கு அது பத்து நிமிடமாவது முடிய வேண்டும்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம், எழும்பூரில் தொலைந்தவள் நீ. 1994ஆம் ஆண்டு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற வந்தபோது நீ என் கையை உதறிவிட்டு ஓடினாய் என்று கல்யாண வீடு தவறாமல் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறேன். நீ உதறவில்லை. கையை விட்டது நான். மண்ணடி வீட்டிலிருந்து நாம் ஏன் அப்படித் திடீரென்று புறப்பட்டோம் என்று நீ இதுவரை கேட்டதில்லை. உன் வாப்பா வந்து நிறுத்துவாரா என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். துப்பட்டி முனையால் கண்ணைத் துடைக்க உன் கையை விட்டேன். திரும்பிப் பார்த்தால் நீ இல்லை. எவ்வளவு நேரம் ஓடினேனோ தெரியாது, யா அல்லாஹ் என்பதைத் தவிர வாயில் வேறு சொல் வரவில்லை. சிவப்புச் சட்டைப் போர்ட்டர் ஒருவர் உன்னைத் தோளில் தூக்கிவந்தார். வாயில் ஆரஞ்சு மிட்டாய் இருந்தது. என்னைக் கண்டதும் நீ சிரித்தாய், நான் அறைந்தேன். மிட்டாய் வாயிலிருந்து தெறித்துத் தண்டவாளப் பக்கம் விழுந்தது. நீ அழாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

கைதிகளுக்கிடையே தன் பிள்ளையைத் தேடி அலைந்த ஒரு தாய், பிள்ளை கிடைத்ததும் நெஞ்சோடு அணைத்துப் பாலூட்டினாள் என்ற ஹதீஸை மார்க்கப் பயானில் கேட்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அன்று நான் உன் கன்னத்தில் விட்ட அறை உனக்குரியதன்று. வாப்பா மௌத்தாகும்வரை அவரிடமும் இதைச் சொன்னதில்லை.

உன் மனத்தில் ஏதாவது பாரம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. இருந்தால் அதை இங்கே வந்து என்னிடம் இறக்கு, வழியில் அந்தப் பிள்ளைகள் மேல் வேண்டாம். வெள்ளிக்கிழமை போனை எடுத்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

உன் தம்பி ஸ்டேஷனில் நிற்பான். கோச் எண்ணை மறக்காமல் எழுது. மூவரின் உடுப்புப் படத்தை எனக்கும் அனுப்பு. மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டேன், பெரியவனுக்கு ஒரு மேசையும் போடுகிறோம்.

வஸ்ஸலாம்.
உம்மா