பாசிட்டிவ் என்ற ஒரு சொல் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் ஃப்ளூ காய்ச்சல் பற்றி வெளியான கட்டுரையில், வந்திருப்பது ஃப்ளூதானா என்று தெரிந்தாலே போதும், வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து வரிசைப்படுத்திப் பார்ப்பது ஆராய்ச்சிக்கூடங்களுக்கு மட்டுமே வேண்டிய ஆடம்பரம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் ஆய்வக நுட்புநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அதைவிட நீண்ட காலமாகத் தங்கள் வாசகன். அந்த ஒரு வாக்கியம் என்னை எவ்வளவு புண்படுத்தியது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2009 ஏப்ரலில் தெற்குக் கலிஃபோர்னியாவில் இரண்டு குழந்தைகளின் மாதிரிகள் இன்ஃப்ளூயன்சா ஏ என்ற ஃப்ளூ வகைக்குப் பாசிட்டிவ் என்று காட்டியும், மனிதர்களிடம் அப்போது பரவிவந்த எந்த உட்வகையோடும் பொருந்தாமல் நின்றது தாங்கள் அறிந்ததே. மரபணுவை வரிசைப்படுத்திய பிறகுதான் அது பன்றிகளிடமிருந்து வந்த, அதுவரை கண்டிராத எச்1என்1 என்று தெரிந்தது. பாசிட்டிவ் என்றதோடு கோப்பை மூடியிருந்தால் அந்தப் பெருந்தொற்றை உலகம் எத்தனை வாரம் கழித்துக் கண்டுகொண்டிருக்கும்? அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் நார்வே நாடு, ஓசல்டாமிவிர் என்ற ஃப்ளூ மாத்திரைக்குக் கட்டுப்படாத, பழைய பருவகால எச்1என்1 பரவிவருவதாக அறிவித்ததையும் இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. வைரஸின் மேற்பரப்பில் உள்ள, அந்த மருந்து குறிவைக்கும் நியூராமினிடேஸ் புரதத்தின் 275ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது, நடந்தது அவ்வளவுதான். வைரஸ் இருந்தால் கோடு காட்டும் அட்டைப் பரிசோதனை வைத்திருந்தால் மருந்துக்குக் கட்டுப்படும் வைரஸுக்கும் கட்டுப்படாத வைரஸுக்கும் ஒரே மாதிரி கோடுதான் விழுந்திருக்கும்.

ஆடம்பரம் என்ற சொல் எந்தக் கணக்கில் வந்தது என்பதும் எனக்குப் புரியவில்லை. மூக்கிலும் தொண்டையிலும் துடைத்தெடுத்த சளியில் இருப்பதை எல்லாம் படிக்கப் போனால் பெரும்பகுதி நோயாளியின் மரபணுவாகவே இருக்கும் என்பதும், அதற்குச் செலவு கூடும் என்பதும் உண்மை. ஆனால் ஃப்ளூவுக்கு அப்படிச் செய்ய வேண்டியதே இல்லை. இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸின் மரபணுத்தொகுதி எட்டுத் துண்டுகளாக, மொத்தம் ஏறத்தாழ 13,500 எழுத்துகளைக் கொண்டது. எட்டுத் துண்டுகளுக்கும் ஒரு முனையில் 12 எழுத்துகளும் மறுமுனையில் 13 எழுத்துகளும் அநேகமாக மாறாமல் இருப்பதால், அந்த முனைகளைப் பற்றிக்கொள்ளும் பிரைமர் எனும் சிறு மரபணுத் துணுக்குகளைச் சேர்த்தால் ஒரே குழாயில் எட்டையும் பெருக்கிவிடலாம். பிறகு அவற்றை மட்டும் படித்தால் போதும். படிப்பதற்கு உள்ளங்கையில் அடங்கும் கருவிகளே வந்துவிட்டன. வருகிற மாதிரியை எல்லாம் வரிசைப்படுத்தச் சொல்லவில்லை. கடுமையாக நோயுற்றவர்கள், மருந்து கொடுத்தும் குணமாகாதவர்கள், கோழி, வாத்து, கால்நடைகளோடு பழகுகிறவர்கள் ஆகியோரின் மாதிரிகளையாவது படிக்க வேண்டாமா?

நாடெங்கும் எச்1என்1 கடுமையாக இருந்த 2015 பிப்ரவரியில் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் ஐந்து நாள் முறையாக ஓசல்டாமிவிர் சாப்பிட்டும் மூச்சுத்திணறல் குறையவில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸாக இருக்குமோ என்று ஐயுற்ற மருத்துவர், மரபணுவைப் பார்க்கும்படி கைப்படக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். மாதிரியைக் கெடாமல் காக்கும் இளஞ்சிவப்புத் திரவத்தில், சளி துடைத்தெடுத்த ஸ்வாப் குச்சியை ஒடித்துப் போட்டு, மூடியைப் பாரஃபின் நாடாவால் சுற்றி, ஐஸ் பைகளுக்கு நடுவே தெர்மாகோல் பெட்டியில் வைத்து நானே ஒட்டினேன். அந்தப் பெட்டி வழியில் தொடர் விடுமுறையில் மாட்டிக்கொண்டு நான்கு நாள் கிடந்தது. போய்ச் சேர்ந்தபோது ஐஸ் உருகி, ஒட்டியிருந்த சீட்டு நனைந்து பெயரே அழிந்திருந்ததாகத் தொலைபேசியில் சொன்னார்கள். 41 நாட்களுக்குப் பிறகு வந்த தாளில் 'மாதிரி ஏற்கத்தக்கதல்ல' என்று ஒரே ஒரு வரி. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் மருந்து ஏன் கேட்கவில்லை என்று அந்த மருத்துவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதிலில்லை. அந்தக் கேள்வியைத்தான் தங்கள் கட்டுரை ஆடம்பரம் என்கிறது.

பத்திரிகைகள் பல ஆண்டுகளாகப் போட்டுவரும் 'மர்மக் காய்ச்சல்' என்ற தலைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாதிரியை எடுக்காததும், எடுத்ததைப் பாழாக்கியதும், முடிவைச் சொல்லாததும்தான் பெரும்பாலும் அங்கே நடந்திருக்கும். தலைப்போ பழியை மர்மத்தின் மேல் போட்டுவிடுகிறது. 2009இல் பரவிய எச்1என்1, பெருந்தொற்று முடிந்ததாக 2010 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பிறகு, ஆண்டுதோறும் மனிதர்களிடையே வந்துபோகும் பருவகாலக் காய்ச்சலாகிவிட்டது. அதை இன்னமும் பன்றிக்காய்ச்சல் என்றே அச்சிடுகிறீர்கள். வெண்பன்றிப் பண்ணை வைத்திருந்த என் மைத்துனர் அந்தத் தலைப்புகளால் இரண்டு முறை நொடித்துப்போய், கடைசியில் பண்ணையை மூடினார்.

2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ், கன்சாஸ் மாநிலங்களில் கறவை மாடுகளிடம் எச்5என்1 என்ற பறவைக்காய்ச்சல் வைரஸ் கண்டறியப்பட்ட செய்தியைத் தாங்களும் வெளியிட்டிருப்பீர்கள். அந்த வைரஸ் பறவையிடமிருந்து ஒருமுறை மாட்டுக்குத் தாவி, பிறகு மாட்டிலிருந்து மாட்டுக்கே பரவியதையும், யாரும் கவனிக்கும் முன்பே மாதக்கணக்கில் அப்படிப் பரவியிருந்ததையும் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுத்தான் சொன்னார்கள். பாலில் வைரஸ் இருக்கிறது என்ற பாசிட்டிவ் முடிவு மட்டும் இதையெல்லாம் சொல்லியிருக்காது.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வாக்கியத்துக்கு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இனிக் காய்ச்சல் மரணச் செய்தி வரும்போதெல்லாம், எந்த உட்வகை என்று கண்டறியப்பட்டதா, மாதிரி மரபணு வரிசைப்படுத்தலுக்கு அனுப்பப்பட்டதா என்று சுகாதார அதிகாரியிடம் கேட்கும்படி தங்கள் செய்தியாளர்களுக்குச் சொல்லுங்கள். அனுப்பவில்லை என்று பதில் வந்தால் அதையே செய்தியில் ஒரு வரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
ஈரோடு மாவட்டம்.