அரைத்தது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மனித குலத்தின் வரலாற்றைச் சொல்லும் யுவால் நோவா ஹராரியின் ‘சேப்பியன்ஸ்’ நூலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த வாசகர் கருத்துகளைப் படித்தேன். பெரும்பாலோர் பிடித்துக்கொண்டது, விவசாயப் புரட்சிதான், அதாவது வேட்டையாடியும் காட்டில் உணவு சேகரித்தும் வாழ்ந்த மனிதர்கள் உழவுக்கு மாறியதுதான், வரலாற்றின் மிகப் பெரிய மோசடி என்ற ஒரே வரியை. சிலர் அதைக் கொண்டாடுகிறார்கள், சிலர் உழவைப் பழிப்பதா என்று கோபப்படுகிறார்கள். உழவு வருவதற்கு முன் மனிதர்களுக்குள் சண்டையே இல்லை என்றுகூட ஒருவர் எழுதியிருக்கிறார். உழவுக்கு முந்தைய காலத்தைச் சேர்ந்த ஜெபல் சஹாபா இடுகாட்டில், சூடானில், அம்பு முனைகள் தைத்த எலும்புக்கூடுகள் கிடைத்ததை ஹராரியே அந்த நூலில் சொல்கிறாரே!

விவசாயப் புரட்சியைப் பற்றிய அத்தியாயத்தில் எனக்கு உறுத்தியது வேறு. கோதுமைக்காக மனிதர்களின் முதுகெலும்பும் முழங்காலும் கழுத்தும் விலை கொடுத்தன என்கிறார். சரி, யாருடைய முழங்கால்?

சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் அபு ஹுரேரா என்று, உழவு தொடங்கிய காலத்தைச் சேர்ந்த ஒரு பழங்கால ஊர் இருந்தது. அணை நீரில் அது மூழ்குவதற்குள் 1972, 1973 ஆண்டுகளில் அவசரமாக அகழாய்வு செய்தார்கள். அங்கே கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தவர் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தேயா மாலிசன். கால் பெருவிரல் மூட்டுகள் சிதைந்திருந்தன. முழங்காலில் தேய்மானம், முதுகின் கீழ்ப்பகுதியில் நசுங்கிய முள்ளெலும்பு. மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, உடம்பை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிக் கல்லில் தானியம் அரைத்ததால் வந்த பாதிப்பு இது என்று அவர் விளக்கினார். இப்படிப் பாதிக்கப்பட்ட எலும்புகள் பெரும்பாலும் பெண்களுடையவை. இதை எழுதும்போதே எனக்கு மனம் கனக்கிறது. விவசாயம் நல்லதா கெட்டதா என்று இத்தனை பேர் வாதாடியதில், ஒருவர்கூட இந்தப் பெண்களைப் பற்றிப் பேசவில்லை.

அதற்காக எல்லாப் பழியையும் விவசாயத்தின் தலையில் கட்டவும் முடியாது. ஜோர்டானில் ஷுபைக்கா என்ற இடத்தில், சுமார் 14,400 ஆண்டுகளுக்கு முந்தைய அடுப்பில் கருகிய ரொட்டித் துணுக்குகள் கிடைத்த செய்தி 2018இல் வெளியானது. அது உழவு தொடங்குவதற்குச் சுமார் நாலாயிரம் ஆண்டுகள் முன்பு! காட்டுத் தானியத்தை அரைத்து, சலித்து, பிசைந்து சுட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எப்போதாவது வாய்த்த ரொட்டி, உழவர் வீடுகளில் அன்றாடச் சாப்பாடானபோதுதான் அரைக்கும் வேலை முதுகை ஒடித்தது என்று நினைக்கிறேன்.

அப்புறம், உழவுக்குப் பிறகு பெண்கள் அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றதையும் ஹராரி குறிப்பிடுகிறார். அங்கே தாயின் உடம்பைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

நூலை வாங்கிப் படியுங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். வரலாற்றுப் பக்கமே போகாதவர்களை அது படிக்க வைத்திருக்கிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோள்: அபு ஹுரேரா அகழாய்வைப் பற்றிப் படங்களோடு ஒரு விரிவான கட்டுரை வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி, கும்பகோணம்