மிளகைக் கூண்டுக்குப் பழக்கு

ஈசூன், சிங்கப்பூர்,
மே 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியிலேயே சிரித்துவிடுகிறாய். "புயலே வராத ஊர்ல உக்காந்துகிட்டு எனக்குப் புயல் பாடம் நடத்துறீங்களாப்பா?" என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். பக்கத்தில் இருந்த அம்மாவும் உன்னோடு சேர்ந்துகொண்டாள். அதனால்தான் கடிதம். குறுக்கே பேச முடியாது பார்.

புயலே வராத ஊர் என்பதும் முழுக்கச் சரியில்லை. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் காற்றைச் சுழல வைக்கும் விசை போதாது, அதனால் இங்கே புயல் வராது என்று பள்ளியில் படித்திருப்பாய். 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற சூறாவளி அந்தப் பாடத்தை மதிக்காமல் ஜொகூர் கரையில் ஏறியது. நம் வீட்டிலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர்தான். உனக்கு எட்டு வயது, ஞாபகம் இருக்காது. மற்றபடி நமக்கு வாய்த்தது சுமத்ரா காற்று. இன்று விடிகாலைகூட ஒன்று வந்தது. அம்மா கம்போடு துணியை உள்ளே இழுத்தாள், எதிர் புளோக்கில் யாருடைய தலையணை உறையோ பறந்து மரத்தில் மாட்டிக்கொண்டது, எட்டு மணிக்கெல்லாம் வெயில் அடித்துவிட்டது. இதை வைத்து நான் உனக்குப் புயல் பாடம் நடத்தவில்லை. நான் சிங்கப்பூருக்கு வந்தது இருபத்தாறு வயதில். அதுவரை வேளாங்கண்ணிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தவன்.

2024-இல் மில்டன் புயல் வந்தபோது நீ ஃபுளோரிடாவில், டாம்பாவில் வாடகை வீட்டில், நாலாம் மாடியில் இருந்தாய். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீயும் மாப்பிள்ளையும் ஓர்லாண்டோ போய்விட்டீர்கள். உங்களுக்கு இரவு எட்டரை, எங்களுக்குக் காலை எட்டரை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை அப்படி இல்லை. சொந்த வீடு, தரையோடு தரையாக. அதில் உன் நாய் பிஸ்கட்டும் பூனை மிளகும். ஜூன் 1-இல் புயல் சீசன் தொடங்குகிறது, நவம்பர் 30 வரைக்கும். அந்த வீட்டில் உங்களுக்கு இது முதல் சீசன்.

முதலில் தண்ணீர். காற்றைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் தண்ணீர். உங்கள் கவுண்டி, அதாவது மாவட்ட, வலைத்தளத்தில் முகவரியைப் போட்டால் வீடு எந்த வெளியேற்ற மண்டலம் என்று காட்டும், ஏ முதல் இ வரை. அந்த எழுத்தைப் பார்த்து ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டு. அந்த எழுத்தைக் கூப்பிட்டால் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். "வகை ஒன்றுதானே, வகை இரண்டுதானே" என்று மாப்பிள்ளை சொன்னால், அந்த எண் காற்றின் வேகத்துக்கு மட்டும் கொடுத்தது, கடல் எவ்வளவு ஏறும் என்பது அதில் இல்லை என்று சொல். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் கரையேறியது உங்களுக்கு வெகு வடக்கே. ஆனால் டாம்பா விரிகுடாவைச் சுற்றி எத்தனை வீட்டுக்குள் கடல் புகுந்தது! இரண்டு வாரத்தில் மில்டன், வகை மூன்றாக, சியெஸ்டா கீயில், அதாவது உங்களுக்குத் தெற்கே ஏறியது. அப்போது விரிகுடாவிலிருந்து தண்ணீர் வெளியே இழுத்துக்கொண்டது.

இது ஏன் என்று மாப்பிள்ளைக்கு விளக்கிச் சொல், அவர் இன்ஜினியர், பிடித்துக்கொள்வார். நம் பக்கமும் சரி, உங்கள் பக்கமும் சரி, புயல்காற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். வேதாரண்யம் பக்கத்தில் நம் ஊருக்குக் கிழக்கே கடல், புயல் கிழக்கிலிருந்து வரும். அதனால் அது ஏறும் இடத்துக்கு வடக்கே இருப்பவனுக்குத்தான் கடல் உள்ளே வரும். உங்களுக்கு மேற்கே கடல், அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்: புயல் உங்களுக்கு வடக்கே ஏறினால் உங்கள் பாடு திண்டாட்டம். புயலின் கண், அதாவது அதன் நடு மையம், எங்கே ஏறும் என்று கடைசி நாள்வரை மாறும் என்பதால் இதை நம்பி வீட்டில் உட்காராதே. டிவியில் வரைபடம் காட்டும்போது என்ன பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். இன்னொன்று, மில்டனில் உங்கள் பக்கம் கடல்தான் வரவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பதினெட்டு அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது, டிராபிகானா ஃபீல்ட் விளையாட்டரங்கின் கூரை கந்தலாய்க் கிழிந்தது.

வெள்ளக் காப்பீடு இருக்கிறதா என்று இன்றே பார். வீட்டுக் காப்பீடு வேறு, இது வேறு. அரசாங்கத் திட்டத்தில் பொதுவாகப் பணம் கட்டி முப்பது நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஓடிப் பயனில்லை. கையோடு ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பிவிடு. இங்கே பத்திரமாக இருக்கும். அம்மாவும் உன் சமையற்கட்டைப் பார்த்த மாதிரி இருக்கும்.

கண்ணாடியில் எக்ஸ் போட்டு டேப் ஒட்டுகிறவர்களைப் பார்த்திருப்பாய். வீண் வேலை. உடையும்போது பெரிய பெரிய துண்டாய் விழும், அவ்வளவே. ஷட்டர் வேண்டும், இல்லாவிட்டால் கனமான பிளைவுட்டை இப்போதே ஜன்னல் அளவுக்கு அறுத்து, எது எந்த ஜன்னல் என்று மார்க்கரில் எழுதி கராஜில் சாய்த்து வை. அந்த கராஜ் கதவையும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டு. வீட்டில் பலவீனமான வாசல் அதுதான், அது உள்ளே மடங்கினால் காற்று புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். ஜெனரேட்டர் வாங்கினால் வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் ஓட்டக்கூடாது, இருபதடி தள்ளி வெளியே. புயலில் தப்பித்துவிட்டு அந்தப் புகையில் தூக்கத்திலேயே போனவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.

குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், ஏறக்குறைய நாலு லிட்டர் கணக்கு. பிஸ்கட்டையும் ஓர் ஆளாகச் சேர். குளியல் தொட்டியை நிரப்பி வை, கழிவறைக்கு ஆகும். 2018-இல் கஜா வந்தபோது சித்தப்பா வீட்டில் கிணறு இருந்தது, மோட்டார் இருந்தது, கரண்டு இல்லை. டீசல் ஜெனரேட்டரை வண்டியில் கொண்டுவந்து மணிக்கணக்கில் வாடகை வாங்கித் தொட்டியை நிரப்பிக் கொடுத்தார்கள். தோப்பில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. அதைச் சொல்லும்போது அழாத சித்தப்பா, தண்ணீருக்கு வரிசையில் நின்றதைச் சொல்லும்போது அழுதார்.

வீட்டைப் பற்றி இவ்வளவு போதும். நான் எழுத உட்கார்ந்தது பிஸ்கட்டுக்காகவும் மிளகுக்காகவும்.

ஒரு விஷயம் சொல்கிறேன். அம்மாவுக்கும் தெரியாது, இதைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். 1977 நவம்பர் 11. எனக்குப் பதினாலு வயது. சாயங்காலமே வானம் ஒரு மாதிரி செம்பு நிறமாகிவிட்டது. தாத்தா கூரைமேல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டே, "போய் மாட்டையெல்லாம் அவுத்து விட்டுட்டு வா" என்றார். எங்கள் பக்கம் வழக்கம் அது. கட்டிப்போட்ட மாடு கொட்டகையோடு போய்விடும், அவிழ்த்துவிட்டால் மேடு தேடிப் போய் நிற்கும். மூன்று மாடு. ஐந்து நிமிட வேலை. அடுப்படியில் ஆயா கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தாள், தின்றுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் போனபோது மழை பிடித்துவிட்டது. இரண்டை அவிழ்த்தேன். மூன்றாவது செவலை. அது எப்போதும் கயிற்றை இழுத்துக்கொண்டே நிற்கும், முடிச்சு இறுகியிருந்தது. நனைந்த கயிறு எப்படி இருக்கும் தெரியுமா? நகம் பிய்ந்ததுதான் மிச்சம். பக்கத்தில் எங்கேயோ ஒரு கீற்றுத் தட்டி பிய்த்துக்கொண்டு பறந்தது. ஓடி வந்துவிட்டேன். "அவுத்துட்டியாடா?" என்றார். "அவுத்துட்டேன்" என்றேன்.

விடிகாலையில் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் புயல் கரை ஏறியது. காலையில் இரண்டு மாடும் ஐயனார் கோயில் மேட்டில் நின்றன. கொட்டகை தரையோடு படுத்திருந்தது, செவலை அதற்கடியில். கட்டுத்தறியில் முடிச்சு அப்படியே இருந்ததைத் தாத்தா பார்த்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரிவாளால் கயிற்றை அறுத்து, சுருட்டி, பரணில் போட்டார். அவர் சாகும்வரை கேட்கவில்லை.

மில்டன் வந்த அன்று உங்கள் ஊர்ப்பக்கம் ஐ-75 நெடுஞ்சாலை ஓரம், வேலிக்கம்பத்தில் கட்டப்பட்டு, காலெல்லாம் தண்ணீரில் மூழ்கி ஒரு நாய் நின்றதே, நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் அவிழ்த்து மீட்ட வீடியோ, அதை நீதான் எனக்கு அனுப்பினாய். "பார்த்தீங்களாப்பா" என்று கேட்டாய், நான் பதிலே போடவில்லை. கோபித்துக்கொண்டாய். இதுதான் காரணம். அந்த நாய்க்கு ட்ரூப்பர் என்று பெயர் வைத்து, அந்தப் பெயரிலேயே 2025-இல் ஃபுளோரிடாவில் சட்டமும் வந்தது. புயல் நேரத்தில் நாயை வெளியே கட்டிப்போட்டு விட்டுப் போனால் சிறை. ட்ரூப்பரைக் கட்டியவனைத் திட்டி எல்லோரும் எழுதினார்கள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

உனக்கு நான் சொல்வது தாத்தா சொன்னதற்கு நேர் எதிர். மாட்டுக்கு மேடு தெரியும், பிஸ்கட்டுக்குத் தெரியாது. அவிழ்த்துவிட்டால் கார் சக்கரத்துக்கோ கால்வாய்க்கோ போகும். அதனால் இரண்டையும் கூடவே கொண்டு போ. இரண்டு நாளில் வந்துவிடுவோம், சோறு வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதே. இரண்டு நாளில் தெருவைத் திறப்பார்கள் என்று யார் சொன்னது? 2005-இல் கத்ரினா புயலில் நாயையும் பூனையையும் பிரிய மனமில்லாமல் வீட்டிலேயே தங்கி மாண்டவர்கள் உண்டு. மறு வருஷமே, பேரிடர்த் திட்டம் போடும்போது வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் போட்டார்கள். அதனால் பிராணிகளோடு தங்கும் முகாம்கள் உங்கள் பக்கம் இருக்கும். ஆனால் எல்லா முகாமிலும் சேர்க்க மாட்டார்கள், முன்பதிவு கேட்பவர்களும் உண்டு. எது என்று இப்போதே விசாரி. அதைவிட நல்லது, உள்நாட்டில் மேடான இடத்தில் இருக்கும் சிநேகிதர் வீடு. அட்லாண்டா வரை ஓட வேண்டாம், தண்ணீர் எட்டாத இடம் முப்பது நாற்பது மைலில் கிடைத்தால் போதும். அந்தச் சிநேகிதருக்கு நாய் ஒத்துக்கொள்ளுமா என்பதை வாசலில் போய் நின்று கேட்காதே, இந்த வாரமே கேள்.

பிஸ்கட் பிரச்சினை இல்லை, கார் கதவைத் திறந்தால் ஏறிக்கொள்ளும். பாடாய்ப் படுத்தப் போவது மிளகு. பூனைக்குக் காற்றழுத்தம் நமக்கு முன்னால் தெரியுமோ என்னவோ, நீ பெட்டி கட்டும் சத்தம் கேட்டதுமே கட்டிலுக்கு அடியில் போய் மூலையில் ஒட்டிக்கொள்ளும். கையை நீட்டினால் பிறாண்டும், மாப்பிள்ளை மணியைப் பார்ப்பார், ரோட்டில் கார்கள் நிற்க ஆரம்பித்திருக்கும். அப்போது கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் அது நனைந்த முடிச்சுதான். அதனால் கூண்டை இன்றைக்கே கூடத்தில் திறந்து வை. உன் பழைய சட்டை ஒன்றை உள்ளே விரி. சாப்பாட்டைக் கூண்டு வாசலில் வை, அப்புறம் உள்ளே தள்ளி வை. ஒரு வாரம் கழித்துக் கதவைச் சாத்திப் பார், பிறகு காரில் ஒரு சுற்று. கிளம்பும் நாளில் முதலில் மிளகைக் கூண்டில் விட்டுக் கதவைச் சாத்து, மற்ற மூட்டை எல்லாம் அப்புறம்.

இரண்டுக்கும் மைக்ரோசிப் போட்டிருக்கிறாய், சரி. அதில் பதிந்திருப்பது எந்த நம்பர்? பழைய வாடகை வீட்டு முகவரியோடு நின்றிருந்தால் சிப் இருந்தும் இல்லாத மாதிரிதான். ரேபிஸ் ஊசி போட்ட சான்று, பிஸ்கட்டின் வலிப்பு மாத்திரை, தீனி, மண் தட்டு, இவையெல்லாம் தண்ணீர் புகாத ஒரு டப்பாவில் போகட்டும். நீ இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோ ஒன்றும் வேண்டும். தொலைந்து கிடைத்தால் உன்னுடையது என்று காட்ட அதுதான் சாட்சி.

திரும்பி வந்த பிறகு பிஸ்கட்டை அவிழ்த்துவிட அவசரப்படாதே. வெள்ளம் வடிந்த இடத்தில் வாசனையெல்லாம் மாறியிருக்கும், தன் வீட்டையே அதற்கு அடையாளம் தெரியாது. ஆணி, அறுந்த மின்கம்பி, பாம்பு. தேங்கிய தண்ணீரில் வாய் வைக்க விடாதே.

வீட்டிலேயே தங்கலாம் என்று அதிகாரிகள் சொன்னால், ஜன்னல் இல்லாத உள் அறையில் எல்லோரும் இருங்கள். நம் வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் பாதுகாப்பு அறை, அந்த பாம் ஷெல்டர் மாதிரி ஒன்று உனக்கு இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். இங்கே அதில் அம்மா ஊறுகாய் ஜாடியும் தீபாவளி விளக்கும் வைத்திருக்கிறாள். நடுவில் காற்று சட்டென்று நின்று வானம் தெளிந்தால் கதவைத் திறக்காதே, அது கண். எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி அடிக்கும்.

பன்னிரண்டு வயதில் புளோக் அடியில் கிடந்த பூனைக்குட்டியை எடுத்துக்கொண்டு மேலே வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? வீவக வீட்டில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில், பூனை கூடாது என்று நான் திருப்பிக் கொண்டுபோய் விடச் சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை நீ. 2024 செப்டம்பரிலிருந்து இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் குத்துகிறாள்.

உனக்கும் எனக்கும் இப்போது சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். மிளகு தானாகக் கூண்டுக்குள் போய்ப் படுத்த அன்று ஒரு போட்டோ அனுப்பு. இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா