படலையில் பை கொழுவிவிட்டுப் போனவருக்கும் மற்ற எல்லாருக்கும்

நேற்று இரவு மகள் அரைக் கோப்பை சோறு சாப்பிட்டாள். கட்டியாகக் கடைந்த பருப்பும் முள் எடுத்த பாரை மீனும். உறைப்பு இல்லாமல்தான், ஆனால் தானே அள்ளிச் சாப்பிட்டாள். பக்கத்தில் இருந்த அம்மம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். ஏன் போனார் என்று நான் கேட்கவில்லை.

மகளுக்குக் கை, கால், வாய் நோய் வந்து நாங்கள் பட்ட பாடு திருகோணமலை உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் தெரியாதவர் இல்லை, மற்றவர்களும் போன் எடுத்துக் கேட்டுக் கேட்டே அறிந்துவிட்டீர்கள், அதனால் அந்த ஒன்பது நாளையும் திரும்ப எழுதப் போவதில்லை. அதற்குத் தெம்பும் இல்லை. யார் யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன் என்பதை மறக்க முன்னர் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், முன்பள்ளி வாசலில் ஐஸ் பக்கட் விற்கிற அம்மா. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவர் வந்தது இரண்டாம் நாள் பின்னேரம். அன்று விடிந்ததிலிருந்து பிள்ளையின் வாய்க்குள் ஒன்றும் இறங்கவில்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இருந்த சிவந்த பொட்டுகள் பார்க்கிற எங்களுக்குத்தான் பயம், அவளுக்கு அவை பெரிய கரைச்சல் தரவில்லை. வாய்தான். நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்பக்கம், தொண்டைக்குக் கிட்ட என்று எங்கு பார்த்தாலும் புண். தன் எச்சிலையே விழுங்க மாட்டாமல் வடியவிட்டு, சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்துபோய்க் கிடந்தாள். இது கை, கால், வாய் நோய், வைரஸால் வருவது, இதற்கென்று தனி மருந்து இல்லை, ஒரு கிழமை பத்து நாளில் தானாகப் போய்விடும், ஆனால் தண்ணீர் உள்ளே போகாவிட்டால் பிள்ளை வாடிவிடும் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எட்டு மணித்தியாலம் சலம் (சிறுநீர்) போகாவிட்டால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், எழுப்ப எழுப்பச் சோர்ந்து விழுந்தால், அல்லது உடம்பு திடுக்கிட்டுத் திடுக்கிட்டுத் தூக்கிப் போட்டால் நேரம் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தரை மணித்தியாலம் ஆகிவிட்டிருந்தது.

கஞ்சி கொடுத்தேன், துப்பினாள். உடம்பில் நீர் வற்றாமல் கொடுக்கிற உப்புச் சீனித் தூளான ஜீவனியைக் கரைத்துக் கரண்டியால் பருக்கினேன், தட்டிவிட்டாள். தோடம்பழம் பிழிந்து கொடுத்த புத்திசாலியும் நான்தான். புண்ணில் புளி பட்டதும் அவள் குழறிய சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

அப்போதுதான் வெளியே சைக்கிள் மணிச் சத்தம். படலையில் அம்மம்மா கட்டியிருந்த வேப்பிலைக் கொத்துக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். உள்ளே வாங்கோ என்றேன். “இல்லப் பிள்ள, நான் நாளைக்குச் சின்னப் பிள்ளையள்ட வாய்க்குப் போற சாமான் கட்டுற ஆள், உள்ள வந்து தொட்டுப்போட்டுப் போகேலாது” என்றார். பையைப் படலைக் கம்பியில் கொழுவிவிட்டு, இரண்டடி பின்னால் போய், நான் எடுக்கும்வரை நின்றார். பழைய பேப்பரில் சுற்றி ஆறு பக்கட். வழக்கமாக விற்கிற சிவப்பும் பச்சையும் இல்லை. மூன்று செவ்விளநீர், மூன்று கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து உறைய வைத்த ஜீவனி. “மூலையச் சின்னதா வெட்டிச் சூப்பக் குடுங்கோ. குளிருக்கு வாய் விறைச்சா நோ தெரியாது, பிறகு தண்ணி தானா இறங்கும்.” அவருடைய பேரனுக்கும் முன்பு இது வந்ததாம்.

அரை மணித்தியாலத்தில் ஒரு பக்கட் முடிந்தது. முதலில் நக்கினாள், பிறகு சூப்பினாள், பிறகு தலையை நிமிர்த்திக் கடைசித் துளிவரை உறிஞ்சினாள். ஆறே முக்காலுக்குச் சலம் போனாள். ஒரு பிள்ளை சலம் போனதற்கு வீடே கைதட்டியது எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும்.

இதில் எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. போன மாதம் அதே வாசலில் மகள் பக்கட் கேட்டு அழுதபோது, “அது ஊத்தைத் தண்ணி, குடிச்சா வருத்தம் வரும்” என்று அவருடைய முகத்துக்கு நேரே சொல்லி இழுத்துக்கொண்டு வந்தவள் நான். அவர் கேட்டார், எனக்குத் தெரியும். கேட்டும் ஐந்து நாள் தொடர்ந்து, இந்தக் கச்சான் காற்றுப் புழுதிக்குள் சைக்கிள் மிதித்து வந்தார், ஒரு நாளும் படலைக்குள் கால் வைக்கவில்லை. சுத்தம் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும் என்று இப்போது யோசிக்கிறேன். போத்தலில் வாங்கிய கைத் திரவத்தை (சானிடைசர்) தடவிக்கொண்டு திரிந்தேன், இந்த வைரஸை அது அவ்வளவாகக் கொல்லாது, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் சரி என்று பிறகுதான் சொன்னார்கள்.

அம்மம்மா ஐஸுக்குச் சம்மதித்ததும் ஒரு அதிசயம்தான். சாதாரண நாளில் குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரையே தொடவிடமாட்டார். அவருடைய கணக்கில் இது அம்மாள் வருத்தம். கொப்புளிப்பான் என்றால் பொதுவாக நெஞ்சிலும் முதுகிலும் முகத்திலும் போட்டுக் கடுமையாகக் கடிக்கும், இது கையிலும் காலிலும் வாயிலும்தானே என்று விளங்கப்படுத்தினேன், எடுபடவில்லை. அம்மாள் என்றால் குளிர்த்தி வேண்டும் என்று அவரே பக்கட்டின் மூலையை வெட்டிக் கொடுத்தார். டொக்டருக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயம், சரி, பிள்ளை குடித்தாளே. வேப்பிலையையும் நான் கழற்றச் சொல்லவில்லை. அதைப் பார்த்து ஒழுங்கைப் பிள்ளைகள் விளையாட வராமல் நின்றார்கள், அந்த உதவியை வேறு எந்த அறிவித்தலும் செய்திராது. தம்பலகாமத்து மாமாதான் மாட்டுக்கு வருகிற கால்வாய் நோய் பிள்ளைக்கும் வந்துவிட்டது என்று பதறிப்போனார். மாமா, அது வேறு, இது வேறு, உங்கள் பட்டிக்கு ஒன்றும் இல்லை.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றால் இங்கே முதலில் டெங்குப் பயம்தான் வரும், 2017 இல் கிண்ணியா பட்ட பாட்டைக் கண்ட ஆட்கள் நாங்கள். பொட்டுகள் வெளிவர முதல் அந்த முதல் இரவில், நோவுக்கு வேறு ஏதாவது கடுமையான மருந்து தாருங்கள் என்று நான் நச்சரித்தபோது, டெங்கு இல்லையென்று தெரியும்வரை இபுபுரூபன் வேண்டாம், அஸ்பிரின் சின்னப் பிள்ளைக்கு எப்போதுமே வேண்டாம் என்று மறுத்து, நிறை கேட்டு, 12 கிலோவுக்குப் பனடோல் பாணி எவ்வளவு, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று பெட்டியில் பேனையால் எழுதித் தந்த பாமசித் தம்பி. மூன்றாம் நாள் இரத்தம் எடுக்கும்போது ஊசி போகுமுன் பிள்ளைக்குப் பூனைக் கதை சொன்ன மிஸி. நடுச்சாமத்தில் சாரத்தோடு ஓடிவந்து ஓட்டோ எடுத்த அண்ணன், காசு என்றால் முறைத்தார். லீவைத் தன் தலையில் போட்டுக்கொண்ட கந்தோர் அக்கா. பத்திரகாளி கோயிலில் அருச்சனை செய்து திருநீறு கொண்டுவந்தவர்கள், எங்களுக்காகத் துஆக் கேட்ட பக்கத்து வீட்டு ராத்தா. ஒருவரையும் மறக்கவில்லை, எழுதும் கைதான் களைத்துவிட்டது.

ரீச்சருக்கு நன்றி சொல்வதற்கு முன் மன்னிப்புக் கேட்க வேண்டும், வகுப்பில் இதே நோய் வந்த மற்ற மூன்று பிள்ளைகளின் பெற்றோரிடமும். முதல் நாள் காலையில் உடம்பு கொஞ்சம் சுட்டது. எனக்குக் கந்தோரில் கூட்டம். பனடோல் பாணி கொடுத்து, சூடு இறங்கியதும் அனுப்பிவிட்டேன். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது, ஆனாலும் அந்தக் காலை எனக்குத் தெரியும். தொற்றுகிற வேகம் முதல் கிழமையில்தான் கூட என்கிறார்கள். இனிமேல் காய்ச்சல் என்றால் பள்ளிக்கூடம் இல்லை, அன்றைக்கே ரீச்சருக்குச் சொல்வேன், கூட்டமாவது குழப்பமாவது. அவள் மலத்தில் இன்னும் சில கிழமைகளுக்கு வைரஸ் இருக்குமாம், அதனால் வகுப்புக்குத் திரும்பிய பிறகும் கழிவறைக்குப் போய்வந்தால் சோப்புப் போடுகிறாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள் ரீச்சர், அவள் ஏமாற்றுக்காரி. சில பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் நகம் கழருமாம், அப்படி நடந்தாலும் பயப்பட வேண்டாம், திரும்ப முளைக்கும்.

கடைசியாகக் காசுக் கணக்கு. ஐஸ் பக்கட் அம்மா சும்மா தந்ததாக நினைக்க வேண்டாம், சும்மா தந்தால் நான் வாங்கமாட்டேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. “ஒண்டு இருபது ரூபா, நான் எண்ணி வச்சிருக்கிறன், பிள்ள சுகமாகிப் பள்ளிக்கூடம் வரக்குள்ள தன்ட கையால தரட்டும்” என்றார். எல்லாமாக 31 பக்கட், 620 ரூபா. பத்து ரூபாக் குத்திகளாக மாற்றி பால்மா டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். மகளுக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. இன்று காலை எல்லாவற்றையும் நிலத்தில் கொட்டி, பத்துப் பத்தாக அடுக்கி, மிஞ்சிய இரண்டைத் தனக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமைக்கு முன் அந்த இரண்டையும் எப்படியாவது திரும்ப வாங்க வேண்டும்.