பெயின்ட் அடிக்கும் முன்னால்: வட சென்னை ஹவுஸ் ஓனர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம் பக்கங்களில் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டிருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

எதற்கு எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தது. சுவர் கறுத்துப்போனதற்கு என்று அட்வான்ஸில் 18,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார் ஓனர். சாமான் வண்டி கிளம்பிய அதே வாரம் பெயின்டர் வந்தார். பூஞ்சையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, ஈரம் காயாத சுவரிலேயே பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்து, வாசலில் டூ லெட் போர்டும் மாட்டியாயிற்று. ஐப்பசி மழை பிடித்தால் அந்தச் சுவர் என்ன ஆகும் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும், புதிதாக வரப்போகிற குடித்தனக்காரரைத் தவிர.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். தண்ணீர் வரும் வழியை முதலில் அடைத்துவிடுங்கள். அப்புறம் பெயின்ட் அடியுங்கள்.

நான் இருப்பதும் அப்படி ஒரு போர்ஷன்தான். பத்துக்குப் பத்து ரூம் என்று சொல்லித்தான் வாடகை பேசினோம். மழைக்காலத்தில் அது எட்டுக்கு எட்டு. சுவரோரம் படுத்தால் தலையணை உறை ஜில்லென்று நனைந்துவிடுகிறது என்று பாயை நடுவுக்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறோம். பீரோவையும் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வைத்தாயிற்று. அப்படியும் அதன் பின்தகடு துருவேறி, தொட்டால் பொரிந்து கையோடு வருகிறது. உள்ளே மடித்து வைத்த பட்டுப்புடவையில் மடிப்பு நெடுகக் கறுப்புப் புள்ளி. காலையில் எழுந்ததும் முதல் வேலை சுவரோரம் பெருக்குவது. ராத்திரி முழுக்க உதிர்ந்த உப்புத்தூள் கோலமாவு மாதிரி முறத்தில் சேரும். சின்னவள் தரையில் உட்கார்ந்து எழுதினால் நோட்டின் மேலும் அதுதான். அவளுக்கு இருமல் மழையோடு வந்து தை மாதம்தான் விடுகிறது. மருந்து எழுதிய டாக்டர் எங்களைக் கேட்ட முதல் கேள்வியே, "வீடு ஓதமா?" என்பதுதான். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இருமலும் இளைப்பும் ஆஸ்துமாவும் வரும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதை உங்களுக்குப் படித்துக் காட்டவில்லை, பயப்படாதீர்கள்.

சரி, உங்கள் பதிலும் எங்களுக்கு மனப்பாடம். "உள்ளேயே துணி காயப்போடுறீங்க, ஜன்னலையே திறக்கறதில்ல, பின்ன பூஞ்சை பூக்காம என்ன பண்ணும்?" இதில் பொய் இல்லை. ஈரத்துணியும் சோறு வடிக்கும் ஆவியும் காற்று போகாத ரூமில் அடைந்தால் மூலையில், பீரோவுக்குப் பின்னால், லாஃப்டுக்கு அடியில் பூஞ்சை பூக்கும். அதற்கு ஜன்னலைத் திறக்கலாம், எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாம். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கை நீட்டினால் எட்டும், நடுவில் சாக்கடை. மொட்டை மாடியில் துணி உலர்த்தலாமென்றால் மாடிக் கதவுச் சாவி உங்களிடம். வேண்டுமானால் மழைக்காலத்தில் மூச்சு விடுவதையும் குறைத்துக்கொள்கிறோம்.

ஆனால் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வரிக்கோடு போட்டது போல ஏறி, உப்புப் பூத்து, பூச்சு உதிர்கிறதே, அது எங்கள் சோற்று ஆவி இல்லை. அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்புப் பூச்சு இல்லாததால் மண்ணின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சுகிறது. மழை பெய்த மறுநாள் மட்டும் சீலிங்கில் கறை படிந்தால் மாடித் தளத்தில் விரிசல். மழை, வெயில் எதுவானாலும் ஒரே இடம் நனைந்திருந்தால் அந்தச் சுவருக்குப் பின்னால் போகிற பாத்ரூம் பைப். சந்தேகமாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் ரூம் காற்றின் ஈரம், ஜன்னல் திறக்காதது எங்கள் தப்பு. தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நனைந்தால் சுவரின் ஈரம். அது யார் தப்பு என்று நான் சொல்ல வேண்டுமா?

இன்னொன்று, இந்த டைல்ஸ். ஈரச் சுவரை மறைக்க நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடுகிறீர்கள். ஈரம் நின்றுவிடுமா? அடைபட்டு டைல்ஸுக்கு மேலே ஏறுகிறது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பலவும் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. அந்தச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் எமல்ஷனும் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி உரிகிறது. கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, அடியில் வரிசையாக ஓட்டை போட்டு ஈரத்தடுப்பு மருந்து ஏற்றினால் ஓரளவு நிற்கும். ஒன்பது இஞ்ச் சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். சித்திரை வெயிலை வீணாக்கிவிட்டு ஐப்பசிக்கு முந்தின வாரம் பெயின்டரைக் கூப்பிட்டுப் பயனில்லை.

எல்லாம் உங்கள் தலையில்தான் என்று சொல்லவில்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டு, ஒரு காலத்தில் படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று படி இறங்கிப் போகிறோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நாள்கணக்கில் உள்ளே நின்ற தண்ணீரின் கறை இன்னும் எத்தனையோ சுவர்களில் இருக்கிறது. போதாததற்குக் கடல் காற்று. வடிகால் கட்டுகிறோம் என்று தெருவைத் தோண்டுகிறவர்கள் அதை வீட்டு வாசலை விட உயரமாகக் கட்டிவிட்டுப் போகிறார்கள், தண்ணீர் மேட்டுக்கு ஏறிப் போய் விழ வேண்டுமாம். அவர்களுக்கு எழுத வேண்டியதைத் தனியாக எழுதுகிறேன். உங்களிடம் பேச வந்தது சுவரைப் பற்றி.

2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நமது மாநில வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைத் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். குடியிருப்பவர் உடைத்தது போக, கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதும், சுவருக்கு வெள்ளையடிப்பதும் உரிமையாளர் பக்கத்தில் இருக்கின்றன. அட்வான்ஸ் எத்தனை மாதம் வாங்கலாம் என்பதற்கும் அதே சட்டத்தில் இடம் உண்டு. அதை இங்கே எடுத்தால் கோபித்துக்கொள்வீர்கள், விடுகிறேன்.

ஆகவே, பணிவோடு கேட்கிறோம். மழைக்கு முன்னால் மாடித் தளத்தையும் மழைநீர் இறங்கும் குழாயையும் பாத்ரூம் பைப்பையும் கொத்தனார், பிளம்பர் யாரையாவது கூட்டி வந்து காட்டுங்கள். பூச்சைக் கொத்துகிற பெரிய வேலையை வரும் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள், சாமானை நகர்த்தி இடம் விட நாங்கள் தயார். அந்த 18,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், அந்தக் குடும்பம் அடுத்த தெருவில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சுவருக்கு என்ன கலர் என்பது உங்கள் இஷ்டம், நீலமோ ரோஸோ எதுவும் சொல்ல மாட்டோம். தண்ணீர் வரும் வழியை மட்டும் முதலில் அடைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கீழ்த்தள போர்ஷன்காரர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை