காகித இழுவிசை மேல்முறையீட்டில் துணை நின்றோருக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

சுருள் காகிதத்தில் அச்சிடும் வெப் ஆஃப்செட் இயந்திரத்தில் காகிதத்தின் இழுவிசையைக் கட்டுப்படுத்தும் எங்கள் முறைக்குக் காப்புரிமை மறுத்த ஆணையை உயர் நீதிமன்றம் சென்ற மாதம் ரத்து செய்து, வேறோர் அதிகாரி புதிதாகப் பரிசீலிக்கும்படி திருப்பி அனுப்பியுள்ளது. காப்புரிமை இன்னும் கைக்கு வரவில்லை. ஆனாலும் அதுவரை நன்றியைத் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை.

முதல் நன்றி, இரவு ஷிப்டில் ரீல் ஸ்டாண்டில் நின்ற தோழர்களுக்கு. பிரேக்கின் பிடி மாறாமலே இருந்தால், ரீலின் விட்டம் பாதியாகக் குறையும்போது இழுவிசை இருமடங்காகும்; இதைச் சமாளிக்கும் வழிகள் முன்பே உண்டு. கிடங்கில் நசுங்கிய ரீல்தான் தொல்லை. அது ஒவ்வொரு சுற்றிலும் காகிதத்தை வெடுக்கென்று இழுக்கும். "டான்சர் ரோலர் ஆடின பிறகுதானே சார் பிரேக்குக்குத் தெரியுது" என்றார் மெஷின்மேன் அண்ணன்; டான்சர் ரோலர் என்பது இழுவிசை மாறினால் அசைந்து காட்டும் உருளை. அந்த வெடுக்கை முதல் சில சுற்றுகளில் அளந்துகொண்டு, அடுத்த சுற்றில் அது வருமுன்பே பிரேக்கின் காற்றழுத்தத்தை மாற்றலாம் என்ற எண்ணம் அவருடைய அந்தச் சொல்லில் பிறந்ததுதான்.

காகிதம் அறுந்த நேரம், ரீல் எண், மீதமிருந்த விட்டம் ஆகியவற்றை மை படிந்த கையோடு அவர் எழுதிவைத்த நோட்டை, காப்புரிமை விண்ணப்பத்தின் விவரக்குறிப்பில் பட்டியலாகச் சேர்க்க வைத்தவர் எங்கள் காப்புரிமை முகவர். வீண் வேலை என்று அன்று முணுமுணுத்தேன். அதற்கு இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏனெனில், எங்கள் முறை காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு விலக்கும் வெறும் அல்காரிதம் (கணக்கீட்டு வழிமுறை) என்பதே மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணம். இத்தகைய மேல்முறையீடுகளை விசாரித்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டதால், அதே சட்டத்தின் 117ஏ பிரிவின்படி மூன்று மாதக் கெடுவுக்குள் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருந்தது. தாமதமாகப் போய் நின்ற எங்களைக் கடிந்துகொண்டே ஒரே வாரத்தில் மனுவை முடித்துத் தந்த வழக்கறிஞர் அம்மையார், தொழில்நுட்ப விளைவு உள்ளதா என்று பார்க்கச் சொன்ன தில்லி உயர் நீதிமன்றத்தின் 2019ஆம் ஆண்டு ஃபெரிட் அலானி தீர்ப்பை எடுத்துரைத்தார். பிறகு, அந்த விளைவு எங்கே என்பதற்கு அண்ணனின் பட்டியலைத்தான் காட்டினார். விவரக்குறிப்பில் அது இல்லாதிருந்தால், வாதத்திற்குப் பிடிமானமே இருந்திருக்காது.

சோதனைக்காகக் கிழிந்த காகிதத்திற்குக் கணக்குக் கேட்காத அச்சக உரிமையாளருக்கும், இழுவிசைக் கணக்குகளைச் சரிபார்த்த ஓய்வுபெற்ற பேராசிரியருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

நோட்டின் அசல் இப்போது வழக்கறிஞர் அலுவலகத்தில் இருக்கிறது. மறுபரிசீலனை முடிந்ததும் அதை அண்ணன் கையிலேயே ஒப்படைப்பேன்.

நன்றியுடன்,
விண்ணப்பதாரர்